சிறுபோரும் பெரும்போரும்: எச். ஜி. வெல்ஸ் வாழ்க்கை

யானை, குதிரை, தேர், காலாள் என நம் முன்னோர் படையை நான்காக வகுத்தனர். அவற்றுள் தேரும் யானையும் போர்க்களத்தை விட்டு நீங்கி நெடுங்காலமாயிற்று. குதிரையும் சென்ற நூற்றாண்டிலே விடைபெற்றுக் கொண்டது. காலாள் ஒருவனே எஞ்சி நிற்கின்றான். எனினும் அந்நாற்படையும் ஒருங்கே அணிவகுத்து நிற்குங் களம் ஒன்று இன்னும் உண்டு. அது சதுரங்கப் பலகை. சதுரங்கம் என்னும் வடசொல்லுக்கு நான்கு உறுப்புடையது என்பதே பொருள். ஏழாம் நூற்றாண்டினரான பாணபட்டர் தம் ஹர்ஷசரிதத்தில் இதனைக் குறித்துள்ளார். பாரத நாட்டிலே தோன்றிய இவ்வாட்டம் பாரசீகஞ் சென்று, அரபு நாடுகளிற் பரவி, ஐரோப்பாவை அடைந்தது.

ஐரோப்பியர் இதனை இருந்தபடியே ஏற்றதோடு அமைந்தாரல்லர். 1780ஆம் ஆண்டிலே ஜெர்மானிய நாட்டுப் பிரவுன்ஸ்விக் நகரில் வாழ்ந்த ஹெல்விக் என்னுங் கணித ஆசிரியர், சதுரங்கப் பலகையைப் பன்மடங்கு பெரிதாக்கி, மலையும் ஆறும் காடும் ஊரும் அதிலே வகுத்து, உண்மைப் போரை ஒத்த ஆட்டமொன்றை அமைத்தார். 1812ஆம் ஆண்டிலே ரைஸ்விட்ஸ் என்பவர் பிரஷ்ய மன்னருக்கு இன்னுஞ் சிறந்த ஓர் ஆட்டத்தை அளித்தார். அவர் மகன் 1824இல் அதனைத் திருத்தி விதிநூலாக வெளியிட்டார். அன்று முதல் அது பிரஷ்யப் படைத்தலைவர் பயிலும் பாடமாயிற்று. இவ்வாறு, போரைப் பார்த்துப் பிறந்த விளையாட்டு, மீண்டும் போருக்கே ஊழியஞ் செய்யச் சென்றது.

அதனைப் படைவீட்டிலிருந்து மீட்டு, இல்லத்துக் குழந்தைகளின் அறைக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் ஆவர். காலப்பொறியையும் செவ்வாய்க்கோள் வாசிகளையும் எழுதிய கதைஞர் என்றே மாணவர் அவரை அறிவர். போர் விளையாட்டுக்கு நூல் எழுதியவர் அவர் என்பதையும், அவ்விளையாட்டினூடே அவருடைய வாழ்வின் பெரிய வினா ஒன்று ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் பலர் அறியார். சிறுவர் போரை விளையாடலாமா? விளையாடினால் அவர் உள்ளம் போரை விரும்புமா, வெறுக்குமா? ஆசிரியராயினார் ஒவ்வொருவரும் எண்ணத்தக்க இவ்வினாவுக்கு வெல்ஸ் வாழ்க்கையே ஒரு விடையாகும்.

பிறப்பும் இளமையும்

ஹெர்பர்ட் ஜார்ஜ் வெல்ஸ் 1866ஆம் ஆண்டு செப்டெம்பர் 21ஆம் நாள், இலண்டனுக்கு அண்மையிலுள்ள பிரொம்லி என்னும் ஊரிலே பிறந்தார். தந்தை ஜோசப் வெல்ஸ் தோட்டக்காரராயிருந்து கடைக்காரரானவர். பீங்கான் பாத்திரமும் கிரிக்கெட் மட்டையும் விற்ற அச்சிறுகடை குடும்பத்துக்குப் போதிய ஊதியந் தரவில்லை. தந்தையார் கிரிக்கெட் ஆட்டத்திலே பந்தெறிவதில் வல்லவர். 1862இல் கென்ட் அணிக்காக ஆடி, அடுத்தடுத்து எறிந்த நான்கு பந்துகளில் நால்வரை ஆட்டமிழக்கச் செய்தவர். அவ்வாட்டத்தாற் கிடைத்த சிறுபொருளே கடையின் குறையை ஒருவாறு நிரப்பியது. தாய் சாரா, செல்வர் மனையில் பணிப்பெண்ணாயிருந்தவர்.

ஏழு வயதளவில் சிறுவனுக்குக் கால் முறிந்தது. படுக்கையிற் கிடந்த நாட்களில் தந்தையார் நூலகத்திலிருந்து புத்தகங்களைக் கொணர்ந்து கொடுத்தார். பிள்ளை அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக விழுங்கினான். தம் வாழ்வில் நேர்ந்த நற்பேறுகளுள் அக்கால்முறிவும் ஒன்றெனப் பிற்காலத்தில் வெல்ஸ் எண்ணினார். மூன்றாண்டுகளின்பின் தந்தையாருக்கும் தொடையெலும்பு முறிந்தது. அம்முறிவோ குடும்பத்துக்குப் பெருந்துன்பமாயிற்று. ஆட்டத்தால் வந்த வருவாய் நின்றது. தாயார் 1880இல் அப்பார்க் என்னும் மாளிகைக்குப் பொறுப்பாளராகச் சென்றார். குடும்பம் சிதறியது.

கற்பனையில் நடந்த போர்கள்

அவ்விளமைக் காலத்தைப்பற்றி வெல்ஸ் 1934ஆம் ஆண்டில் வெளியிட்ட தன்வரலாற்று நூலிலே ஒளிவு மறைவின்றிக் கூறுஞ் செய்தியொன்று ஈண்டுக் குறிக்கத்தக்கது. பதின்மூன்று வயது வரையில் அவர் உள்ளத்தை நிறைத்திருந்தது போர்க்கனவே. தனித்து உலாவச் செல்லும்போதெல்லாம் அவர் கண்ணுக்குப் பிரொம்லி ஊரின் வயலும் வேலியும் போர்க்களமாகத் தோன்றின. மார்ட்டின் குன்றின்மேல் நின்று அவர் பெரும்படைகளை ஏவினார். பகைவர் சிதறி ஓடினர். உலக வரலாறே அக்குன்றடியில் மாறியது. வழியிற் சென்றோரோ, மெலிந்த சிறுவன் ஒருவன் எதையோ முணுமுணுத்து நடப்பதை மட்டுமே கண்டனர்.

முதிர்ந்த அறிவோடு அதனைத் திரும்பிப் பார்த்த வெல்ஸ் நகைத்தார். அஞ்சவுஞ் செய்தார். அந்நூல் வெளிவந்த காலம் ஹிட்லர் ஜெர்மனியின் ஆட்சியைக் கைப்பற்றியிருந்த காலம். பதின்மூன்று வயதிலே தம் மூளையிற் கிடந்த அதே சிறுபிள்ளைக் கனவு வளர்ந்த மனிதனிடத்தே மாறாதிருந்து, அவன் கையில் உண்மைப் படையும் அகப்பட்டுவிட்டது என்பதே ஹிட்லரைப்பற்றி அவர் கொண்ட கருத்து. போர்க்கனவு சிறுவனிடத்தில் இருப்பது குற்றமன்று. அவன் வளர்ந்த பின்னும் அது வளராமல் அங்கேயே நிற்பதுதான் கேடு என்பது இதனாற் பெறப்படும்.

புடைவைக் கடையும் புலமைப்பரிசிலும்

வறுமை காரணமாக வெல்ஸ் 1881இல் சவுத்சீ என்னும் ஊரிலே ஒரு புடைவைக் கடையில் தொழில் பயில விடப்பட்டார். நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேர வேலை. துணியை மடிப்பதும் முள்ளூசியை எண்ணுவதும் அவர்க்கு நஞ்சாயின. ஈராண்டுகள் பொறுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில், உணவுமின்றி, ஏறத்தாழ 17 மைல் நடந்து தாயார் பணிபுரிந்த மாளிகையை அடைந்து, இனி அங்குச் செல்லேன் என்று கூறி நின்றார். அந்நடை அவர் வாழ்வைத் திருப்பியது. 1883இல் மிட்ஹர்ஸ்ட் இலக்கணப் பள்ளியில் மாணவ ஆசிரியரானார். பகலிலே கற்பித்து இரவிலே கற்றார். அடுத்த ஆண்டே இலண்டன் சவுத் கென்சிங்டனிலிருந்த அறிவியற் கல்லூரியிற் கற்கப் புலமைப்பரிசில் கிடைத்தது. வாரம் ஒரு கினி, அஃதாவது 21 சில்லிங், அவர்க்கு உதவித்தொகை. அங்கே டார்வின் கொள்கையை நாடறியப் பரப்பிய தாமஸ் ஹக்ஸ்லியிடம் ஓராண்டு உயிரியல் கற்றார்.

1887இல் வேல்ஸ் நாட்டுப் பள்ளியொன்றில் ஆசிரியராயிருந்தபோது, உதைபந்தாட்டத்தில் அடிபட்டுச் சிறுநீரகம் பழுதுற்றது. பின்னர் வாயால் இரத்தமுங் கண்டது. நீடு வாழார் என்றே அயலார் எண்ணினர். ஆயினும் 1890இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியற் பட்டம் பெற்றார். மாணவர்க்கு உயிரியற் பாடநூல் ஒன்றையும் 1893இல் எழுதினார். நம் ஆசிரிய உலகத்தார் அவரைத் தம்மவர் என்று கூறிக்கொள்ளுதற்கு இவ்வாண்டுகள் இடந் தருகின்றன.

1895இல் வெளிவந்த காலப்பொறிக் கதை அவரைப் புகழுக்குரியவராக்கிற்று. ஆண்டு 802701இல் மனிதகுலம் உழைப்போர், உண்போர் என இரு வேறு உயிரினமாகப் பிரிந்துவிட்டதை அதிலே காட்டினார். புடைவைக் கடையில் உழன்றவர்க்கு அக்காட்சி வானத்திலிருந்து வந்ததன்று. 1897இல் புலப்படாத மனிதனும், 1898இல் செவ்வாய்க்கோளினர் படையெடுப்பும் நூலாயின. இரண்டாவதிலே மாந்தரின் பீரங்கிகளெல்லாம் தோற்க, கண்ணுக்குத் தெரியாத நோய்க்கிருமிகளே பகைவரை மாய்க்கின்றன. படைவலிமையைக் குறித்து இளமையிற் கண்ட கனவு கலைந்துவிட்டமை இக்கதையால் விளங்கும்.

முதன் மணம் நிலைக்கவில்லை. 1895இல் தம் மாணவியராயிருந்த ஏமி கதரீனை மணந்தார். இல்லற வாழ்விலே அவர் பலகாலும் நெறி பிறழ்ந்தார் என்பதை மறைத்தலாகாது. அதனால் துன்புற்றவரும் பலர். 1901இலும் 1903இலும் ஜார்ஜ், பிராங்க் என்னும் ஆண்மக்கள் இருவர் பிறந்தனர். கடலோரத்துச் சாண்ட்கேட் என்னும் ஊரிலே தாம் கட்டிய மனையில் வெல்ஸ் குடியேறினார். அம்மனையின் தரைமீதுதான் அவருடைய போர்கள் மீண்டுந் தொடங்கின.

தரைமேற் போர்

மைந்தரோடு தரையில் அமர்ந்து விளையாடுதல் வெல்ஸுக்குப் பெருமகிழ்ச்சி. மரக்கட்டைகளால் நகரங்கள் எழும். பலகைகள் தீவுகளாகும். அத்தீவுகளுக்குக் கப்பல்கள் செல்லும். இவ்விளையாட்டுக்களைத் தொகுத்து 1911இல் தரை விளையாட்டுக்கள் என்னும் பொருள்படும் நூலை வெளியிட்டார். ஈராண்டுகளின்பின், 1913இல், சிறுபோர்கள் என்னும் பொருள்படும் பெயருடைய நூல் வந்தது. இன்று மேசைப்போர் ஆடுவோர் பலரும் தம் கலைக்கு முதனூலாகக் கொள்வது இதனையே.

அதன் தோற்றம் எளியது. சுருள்வில் விசையால் ஓரங்குலமளவான மரக்குண்டை எறியும் விளையாட்டுப் பீரங்கியொன்று அக்காலத்துக் கடைகளில் விலைக்குக் கிடைத்தது. பகலுணவுக்கு வந்த எழுத்தாளர் ஜெரோம் கே. ஜெரோம், உணவு முடிந்தபின் அப்பீரங்கியை எடுத்து, தரையில் நின்ற பொம்மைப் போர்வீரன் ஒருவனைக் குறிபார்த்து வீழ்த்தினார். பின்னர் இருவரும் மாறி மாறிச் சுட்டனர். வெறுமனே சுடுவதில் சுவை குறைந்தபோது, வீரர் நகர்தற்கு விதி வேண்டப்பட்டது. நகர்ந்தோர் மறைதற்கு வீடும் மரமும் வேண்டப்பட்டன. இவ்வாறு ஒரு குறை மற்றொரு விதியைப் பிறப்பித்தது.

விதிகளின் அமைப்பை நோக்குவோம். காலாள் ஒரு முறைக்கு ஓரடி தூரம் செல்லலாம். குதிரைவீரன் இரண்டடி செல்லலாம். பீரங்கி சுடவேண்டுமாயின் அதனருகே நால்வர் நின்று இயக்க வேண்டும்; அவர் வீழ்ந்தால் பீரங்கி ஊமையாகும். தன் முறையை ஆடி முடித்தற்கு ஒவ்வொருவர்க்கும் கடிகாரக் கணக்குண்டு. சிந்தித்துக்கொண்டே இருத்தற்கு இடமில்லை. போர் தொடங்குமுன் நடுவே திரையொன்று தொங்கவிடப்படும். இருவரும் தத்தம் படையை நிறுத்தியபின் திரை நீங்கும். அப்பொழுதே பகைவன் அணி புலப்படும். கைகலந்த போரில் இருபாலும் ஒருவர்க்கொருவராக மடிவர். துணையின்றித் தனித்து அகப்பட்ட சிறுபடை சிறைப்படும். கவறுருட்டி வெற்றி தோல்வி காணும் வழக்கம் இதில் இல்லை. குறிபார்க்குங் கண்ணும், இடமறிந்து நிறுத்தும் அறிவுமே வெற்றி தரும்.

விதியில்லாத போர் வேட்டையாகும். தொல்காப்பியர் புறத்திணையியலில் நிரைகவர்தல் முதலாகப் போரின் படிகளை வகுத்ததும், ஆவும் மகளிரும் பிணியாளரும் அரண் சேர்க என்று அறிவித்த பின்னரே அம்பு விட்ட பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியின் அறத்தைப் புறநானூறு போற்றுவதும் இக்கருத்துப் பற்றியே. வெல்ஸ் தரையில் வகுத்த போரிலும் மீறலாகாத வரம்பே முதலிடம் பெற்றது. தோற்றவன் வென்றவனோடு அமர்ந்து தேநீர் அருந்துவான். வீழ்ந்த பொம்மையெல்லாம் பெட்டிக்குட் சென்று, மறுநாள் மீண்டும் எழுந்து நிற்கும்.

நூலின் முடிவிலேதான் வெல்ஸ் தம் உள்ளத்தைத் திறந்து காட்டுகின்றார். சிறுபோரை மூன்று நான்கு முறை ஆடிப் பார்ப்பவனுக்குப் பெரும்போர் எத்துணைக் குழப்பமும் மடமையும் நிறைந்தது என்பது தானே விளங்கும் என்பது அவர் துணிவு. சிறு தரையில், நூறு பொம்மைகளை, முழுப்பகல் வெளிச்சத்தில் நடத்தும்போதே எண்ணியது ஒன்றும் நடந்தது ஒன்றுமாகின்றன. அப்படியாயின் இலட்சக்கணக்கான உயிர்களைப் புகையிலும் சேற்றிலும் நடத்துவோன் என்ன அறிவான்? ஆதலால் போரையே பெருமையென்று பேசித் திரியும் மன்னரையும் படைத்தலைவரையும் மரத்தக்கை விரித்த பெரிய மண்டபமொன்றில் அடைத்து, பொம்மைகளைக் கையிற் கொடுத்து, மனமாரப் போரிட விடுதல் உலகுக்கு நலம் என்று எள்ளலாக எழுதினார். அவர் இதனை எழுதிய ஆண்டு 1913.

பெரும்போர் வந்தது

மறு ஆண்டே பெரும்போர் மூண்டது. இங்கே வெல்ஸ் வாழ்வின் பெருஞ்சறுக்கலையும் நடுநிலையோடு கூறவேண்டும். போரின் மடமையைத் தரையில் கண்டு சொன்னவர், உண்மைப் போர் வந்தவுடன் அதனை எதிர்த்தாரல்லர். ஜெர்மானியப் போர்வெறியை ஒழித்துவிட்டால் இனிப் போரே நிகழாது என்று நம்பி, இது போரை முடிக்கும் போர் என்னுங் கருத்துப்பட 1914இல் கட்டுரைகள் எழுதினார். அத்தொடர் நாடெங்கும் பரவிற்று. அதனை நம்பிக் களம் புகுந்த இளைஞர் பலர் மீளவில்லை.

படைக்கருவி வளர்ச்சியை அவர் முன்னரே கண்டிருந்தார் என்பது வியப்பு. 1903இல் எழுதிய கதையொன்றில் இரும்புக் கவசமணிந்து தரையில் ஊரும் ஊர்திகளைக் காட்டினார். 1916இல் யுத்த தாங்கிகள் பிரான்சிலே முதன்முதல் களமிறங்கின. 1908இல் வான்வழிப் போரை எழுதினார். 1914இல் வெளியான மற்றொரு நூலில் அணுக்குண்டு என்னுஞ் சொல்லையே ஆண்டார். போரின் கருவிகளைக் கணித்த அவ்வறிவு, போர்க்காலத்து மனித உள்ளத்தைக் கணிக்கத் தவறியது.

1916இல் அவர் பிரான்சுக்கும் இத்தாலிக்குஞ் சென்று போர்முனையைக் கண்டார். அவ்வாண்டில் வெளிவந்த நாவலில், போரை முதலில் ஆதரித்த எழுத்தாளர் ஒருவர் தம் மகனைக் களத்திலே பறிகொடுத்து, அதே போரில் மகனை இழந்த ஜெர்மானியப் பெற்றோருக்குக் கடிதம் எழுத முயலுங் காட்சியை அமைத்தார். 1918இல் அரசின் செய்தித்துறையிற் சில மாதம் பணியாற்றிக் கருத்து வேற்றுமையால் விலகினார். போர் முடிந்தபோது, போர் முடியவில்லை என்பதை அவர் உணர்ந்தார்.

அசோகனைப் போற்றிய வரலாறு

தவறிய இடத்திலிருந்து அவர் தேடிய வழி வரலாற்றுக் கல்வி. ஒவ்வொரு நாடும் தன் வெற்றியை மட்டுமே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் வரையில் போர் ஓயாது. மனிதகுலம் முழுமைக்கும் ஒரே வரலாறு வேண்டும் என்று முடிவு செய்தார். அறிஞர் சிலரைத் துணைக்கொண்டு, உலகத்தின் தோற்றம் முதல் தம் காலம் வரையிலான வரலாற்றுச் சுருக்கத்தைப் பகுதி பகுதியாக 1919இல் வெளியிடத் தொடங்கினார். 1920இல் அது முழுநூலாயிற்று. இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட படிகள் விற்றன. பண்டித நேரு சிறையிலிருந்து தம் மகளுக்கு உலக வரலாற்றுக் கடிதங்களை எழுதியபோது இந்நூல் அவர்க்கு உற்ற துணையாயிருந்தது.

அந்நூலில் பழம்போர்கள் பல வருகின்றன. ஆனால் அவற்றை நடத்திய வீரர்க்கு வழக்கமான பூமாலை இல்லை. அலெக்சாந்தரை அவன் தந்தை பிலிப்பின் உழைப்பை வீணாக்கிய தற்பெருமையாளனாகக் காட்டினார். சீசரையும் நெப்போலியனையும் மிகக் கடுமையாக எடைபோட்டார். மார்ட்டின் குன்றின்மேல் நின்று நெப்போலியனாகத் தம்மைக் கற்பித்துக்கொண்ட சிறுவனே இவ்வாறு எழுதினான் என்பதை எண்ணுக.

அவர் தலைவணங்கிய அரசன் ஒருவன். அவனே மௌரிய மன்னன் அசோகன். கலிங்கப் போரில் வென்றபின் போரைத் துறந்தவன் அவன். தோற்றுப் போரை வெறுத்தோர் பலர். வென்று வெறுத்தவன் அரியன். 1922இல் ஓர் ஆங்கிலத் திங்களிதழுக்கு உலகின் அறுபெரு மாந்தரைத் தேர்ந்து சொன்னபோது இயேசு, புத்தர், அரிஸ்டாட்டில், அசோகன், ரோஜர் பேக்கன், ஆபிரகாம் லிங்கன் என்போரை வெல்ஸ் கூறினார். அறுவருள் முடிசூடிய வேந்தன் அசோகன் ஒருவனே.

இங்கே நமக்குரிய செய்தியொன்றும் உண்டு. கலிங்கத்தில் ஓரிலட்சம் பேர் மாண்டனர், ஒன்றரை இலட்சம் பேர் நாடு கடத்தப்பட்டனர் என்று அசோகன் தன் வருத்தத்தைப் பொறித்த பதின்மூன்றாம் பாறைச் சாசனத்திலேயே சோழர், பாண்டியர், தாம்பிரபரணி எனப்பட்ட நம் ஈழநாடு என்பவை பெயர் குறிக்கப்பட்டுள்ளன. வாளால் வெல்லாமல் அறத்தால் வென்ற திசைகளை அவ்வேந்தன் எண்ணியபோது நம் முன்னோர் வாழ்ந்த நிலமும் அவன் நினைவில் இருந்தது. இலண்டனிலிருந்து வெல்ஸ் போற்றிய அவ்வறம் நமக்கு அயலதன்று.

இறுதிக்காலம்

மனைவியார் 1927இல் மறைந்தார். வெல்ஸ் ஓயாமல் எழுதினார், பயணஞ் செய்தார். 1920இல் லெனினைக் கண்டிருந்தவர், 1934இல் ஸ்டாலினையும் அமெரிக்கத் தலைவர் ரூஸ்வெல்ட்டையும் கண்டு உரையாடினார். தாம் நீரிழிவு நோயினராயிருந்தமையால், அந்நோயாளர்க்கென ஒரு சங்கத்தை 1934இல் தோற்றுவிக்கத் துணை நின்றார். இரண்டாம் உலகப் போர் மூண்டபின் மனித உரிமைகளைப்பற்றி 1940இல் நூல் எழுதினார். 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனத்துக்கு வழிகோலிய முயற்சிகளுள் அதுவும் ஒன்று.

இலண்டன்மீது குண்டு பொழிந்த காலத்தும் அவர் தம் வீட்டை விட்டு அகலவில்லை. வான்வழிப் போர் என்று தாம் கதையாக எழுதியதைத் தம் கூரையின்மேலே கேட்டார். 1945 ஆகஸ்டில், தாம் கதையிலே பெயரிட்ட அணுக்குண்டு ஹிரோஷிமாவில் வீழ்ந்த செய்தியும் அவர் செவிக்கு எட்டிற்று. அவ்வாண்டு வெளிவந்த அவருடைய இறுதி நூல்களுள் ஒன்று மனித அறிவின்மேல் நம்பிக்கை தளர்ந்தவராக அவரைக் காட்டுகின்றது. 1946 ஆகஸ்ட் 13ஆம் நாள், எண்பது வயது நிரம்பச் சில நாட்கள் இருக்கையில் அவர் உயிர் நீத்தார். மைந்தர் அவருடைய சாம்பலைக் கடலிலே தூவினர். தந்தையோடு தரையில் போராடி வளர்ந்த அம்மைந்தருள் மூத்தவர் விலங்கியல் அறிஞரானார். இளையவர் திரைப்படத்துறை புகுந்தார். படைத்தொழிலை வாழ்க்கையாகக் கொண்டவர் இருவருள் ஒருவருமில்லை.

அவர்க்குப் பின் வந்த பழம்போர் ஆட்டம்

வெல்ஸ் ஆடியது தம் காலத்துப் பீரங்கிப் போர். அவர்க்குப் பின் வந்தோர் பின்னோக்கிச் சென்று, பண்டைப் போர்களை மேசைமேல் நடத்தலாயினர். ஆங்கில நாட்டிலே சவுத்தாம்ப்டன் நகரத்து டோனி பாத் என்பார் இதில் முன்னின்றார். 1965இல் பழங்காலப் போராட்டத்துக்கென்றே ஒரு சங்கம் நிறுவப்பட்டது. கவண் என்று பொருள்படும் பெயருடைய இதழொன்றும் அச்சங்கத்தாரால் நடத்தப்படுகின்றது. இலண்டன் கிங்ஸ் கல்லூரிப் பேராசிரியராயிருந்த பிலிப் சாபின், பண்டைப் போர்கள் பலவற்றை ஒரே விதிக்குட்படுத்தி ஆடிப் பார்த்து, பழைய ஆசிரியர் கூறும் படைத்தொகைகள் பொருந்துமா என ஆராய்ந்து 2007இல் நூல் வெளியிட்டார்.

எடுத்துக்காட்டாக, கி.மு. 326இல் ஜீலம் ஆற்றங்கரையில் அலெக்சாந்தரை எதிர்த்த போரஸ் மன்னனிடம் முப்பதினாயிரம் காலாளும், நாலாயிரம் குதிரையும், முந்நூறு தேரும், இருநூறு யானையும் இருந்தன என்பது கிரேக்க ஆசிரியர் அரியன் தருங் கணக்கு. நம் நாற்படை முழுமையாக நின்ற களம் அது. இதனை மேசைமேல் நிறுத்த முயல்பவன் உடனே வினாவத் தொடங்குவான். இத்தனை யானையும் நிற்க எத்துணை அகலம் வேண்டும்? மழைபெய்த மண்ணிலே தேர் ஓடுமா? இரவில் ஆற்றைக் கடந்தவன் எங்கே கடந்தான்? பாடநூலில் இரு வரியாகக் கிடந்த போர், நிலமும் நீரும் பசியும் உடையதாக உயிர் பெறும். நம் மாணவர் கி.பி. 949இல் சோழ இளவரசன் இராசாதித்தன் யானைமேலிருந்து மடிந்த தக்கோலப் போரையோ, எல்லாளனும் துட்டகைமுனுவும் பொருத போரையோ இவ்வாறு ஆராய்ந்தால், வென்றவன் பெயரோடு நிறுத்திவிடாமல், இரு பக்கத்தும் நின்று எண்ணக் கற்பர். ஆட்டத்திலே ஒருநாள் கைமுனுவாக இருப்பவன் மறுநாள் எல்லாளனாக இருந்தே ஆகவேண்டும். வீழ்ந்த எல்லாளனுக்கு நினைவிடம் எடுத்து வழிபடச் செய்த கைமுனுவின் பண்பை மகாவமிசம் போற்றுகின்றது. அப்பண்பின் பொருள் அப்பிள்ளைக்கு அப்பொழுது விளங்கும்.

போர் என்றால் யாது என்று நமக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. 1990ஆம் ஆண்டிலே வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் கையிற் கொண்ட மூட்டையோடு புத்தளத்துக்கும் கற்பிட்டி வழியிலுள்ள ஊர்களுக்கும் வந்து ஓலைக் குடிலில் ஒதுங்கியதை, பாலாவிச் சந்தியைக் கடந்து செல்லும் முதியோர் இன்றும் நினைவர். வன்னியிலும் மட்டக்களப்பிலும் பிள்ளையை இழந்த தாய்மார் எத்துணையர்! இத்தகைய நாட்டிலே சிறுவன் ஒருவன் தடியைத் துப்பாக்கியாகப் பிடித்தால் பெற்றோர் உள்ளம் துணுக்குறுவது இயல்பே.

ஆயினும் வெல்ஸ் வாழ்வு நமக்குச் சொல்வது இதுவாகும். சிறுவர் உள்ளத்தில் எழும் போர்க்கனவை அடக்கினால் அது மறைந்து வளரும். புகழ்ந்து ஊட்டினால் வெறியாகும். அதற்கு வரம்பும் விதியும் வகுத்து, எதிரியின் பக்கத்திலும் இருந்து ஆட வைத்து, பின்னர் உண்மை வரலாற்றையுங் கற்பித்தால் அதுவே அறிவாக மாறும். ஆட்டம் மட்டும் போதாது என்பதற்கு 1914இல் தவறிய வெல்ஸே சான்று. ஆட்டத்தோடு வரலாறும் அறமும் சேர வேண்டும் என்பதற்கு அசோகனைக் கண்டுகொண்ட வெல்ஸே சான்று. மேசைமேல் வீழ்ந்த வீரனை நம் கையால் எடுத்து மீண்டும் நிறுத்தலாம். மண்மேல் வீழ்ந்தவனை எந்தக் கையும் எழுப்பாது. இவ்வேறுபாட்டை இளமையிலேயே உணர்த்துவிக்கும் விளையாட்டு எதுவாயினும், அதனை நம் பள்ளிகள் வரவேற்கலாம்.